வரமளித்தல் (பாத்திரமேற்பு விளையாட்டு)

வரமளித்தல் என்பது மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஒரு பாத்திரம் தன்னிடமுள்ள ஆற்றலையோ தன்னால் உண்டாக்கக்கூடிய ஆற்றலையோ வேறொரு பாத்திரத்துக்கு வழங்கும் திறனைக் குறிக்கும். தீயை உமிழ்தல், உருமறைதல் போன்ற திறன்கள் அவற்றை உடைய பாத்திரத்தோடு நின்றுவிடுகின்றன. வரமளிக்கும் திறனின் விளைவு இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்கின்றது. கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்பதால், இதற்கு விலை குறிப்பதும் வரம்பு கட்டுவதும் விளையாட்டு வடிவமைப்பில் கடினமான பணிகளாகக் கருதப்படுகின்றன.

தமிழ்நாட்டில் வரம் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. குறிப்பாகக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துத் தலபுராணங்களிலும் தெருக்கூத்திலும் வரம் கேட்டலும் பெறுதலும் விரிவாக இடம்பெறுகின்றன. இவை விளையாட்டு விதிகளாக எழுந்தவை அல்ல. எனினும் யாருக்கு, எதற்காக, எவ்வளவு, எந்த நிபந்தனையோடு என்னும் கேள்விகளுக்கு அவற்றில் தெளிவான விடைகள் உள்ளன. அதனால் இக்கட்டுரையில் அவையே முதன்மையான எடுத்துக்காட்டுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

விளையாட்டில் வரத்தின் இடம்

பாத்திரமேற்பு விளையாட்டில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதைக்களத்தை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கின்றது என்பதைக் கூறுவர். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது பகடை உருட்டப்படும். பாத்திரத்தின் வலிமை, திறன்கள், உடைமைகள் ஆகியன ஒரு தாளில் குறிக்கப்பட்டிருக்கும். இவ்வகையில் வணிகமுறையில் வெளிவந்த முதல் விளையாட்டு, கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும்.

தாயம், பல்லாங்குழி போன்ற விளையாட்டுகளில் எல்லோருக்கும் ஒரே விதிதான். தாயம் விழுந்தவருக்கு மறுவீச்சு உண்டு. அந்த மறுவீச்சைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கிக் கொடுக்க வழியில்லை. பாத்திரமேற்பு விளையாட்டிலோ ஒவ்வொருவர் தாளும் வெவ்வேறு. ஒரு தாளில் இருப்பது இன்னொரு தாளுக்கு மாறலாம் என்று விதி இடங்கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரம் மற்றொன்றுக்குப் பறக்கும் ஆற்றலை வழங்குகின்றது எனக் கொள்க. நடத்துநர் ஆயத்தம் செய்து வைத்திருந்த கோட்டைச் சுவரும் அகழியும் அந்த நொடியிலேயே பயனற்றுப் போகின்றன. பறப்பவர் உள்ளே சென்று காவலரை எதிர்கொண்டு கதவைத் திறக்கின்றார். வரம் கொடுத்தவர் தம் முறை முடிந்ததென்று கைகட்டி அமர்ந்திருக்கின்றார். மற்ற இருவரும் வேடிக்கை பார்க்கின்றனர். மூன்று மணிநேர ஆட்டத்தில் இது ஒருமுறை நிகழ்ந்தால் சுவையாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் நிகழ்ந்தால், அடுத்த வாரம் வரச் சிலருக்கு மனம் இருக்காது. விதியில் உள்ள குறை ஆடுவோரிடையே மனத்தாங்கலாக மாறுவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

புலிக்கால் முனிவர் பெற்ற வரம்

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றும், கடலூர் நகரின் ஒரு பகுதிக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்றும் பெயர்கள் உண்டு. இரண்டிலும் உள்ள புலி, வியாக்கிரபாதர் எனப்படும் புலிக்கால் முனிவரைக் குறிப்பதாகத் தலபுராணங்கள் கூறுகின்றன. பாதிரி என்பது திருப்பாதிரிப்புலியூரின் தலமரம். இம்முனிவரோடு தொடர்புபடுத்தி நவபுலியூர் என வழங்கும் ஒன்பது தலங்களுள் எருக்கத்தம்புலியூர், ஓமாம்புலியூர் ஆகியனவும் இன்றைய கடலூர் மாவட்டத்திலேயே உள்ளன.

உமாபதி சிவாச்சாரியார் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய கோயிற்புராணத்தில் இம்முனிவரின் வரலாறு கூறப்படுகின்றது. தில்லை வனத்தில் இறைவனை வழிபட்ட அவர், வண்டு மொய்க்காத பூக்களைக் கொண்டே பூசை செய்ய விரும்பினார். பொழுது விடிந்தால் வண்டுகள் முந்திக்கொள்ளும். விடியுமுன் பறிக்கப் போனாலோ இருளில் நல்ல பூ எது, பழுதான பூ எது என்று தெரியாது. பனி படிந்த மரத்தில் கால் வழுக்கும். ஆகவே மரத்தில் வழுக்காமல் ஏறப் புலியின் கைகால்களும், இருளில் பூக்களைத் தேர அவற்றில் கண்களும் வேண்டுமெனக் கேட்டுப் பெற்றார்.

விளையாட்டு வடிவமைப்பு நோக்கில் இது மிகச் செம்மையான வரம் எனலாம். முதலில் ஒரு வேலை இருக்கின்றது. அவ்வேலையில் இரண்டு தடைகள் உள்ளன: வழுக்கும் மரம், இருள். வரம் அவ்விரண்டை மட்டுமே நீக்குகின்றது. அவர் புலியின் பசியையோ பற்களையோ கேட்கவில்லை. பூ தானாக வந்து கூடையில் விழ வேண்டும் என்றும் கேட்கவில்லை. வரத்தைப் பெற்ற பின்னும் நாள்தோறும் இருட்டில் எழுந்து மரம் ஏற வேண்டியவர் அவரே. வேலையைச் செய்ய உதவும் வரத்துக்கும் வேலையையே இல்லாமல் ஆக்கிவிடும் வரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகத் தெரிகின்றது. மேசையில் பின்னதைக் கொடுத்தால் அந்தப் பகுதிக் கதை அத்தோடு முடிந்துவிடும்.

இவ்வரத்துக்கு ஒரு விலையும் உண்டு. புலிக்காலை மறைத்துக்கொள்ள முடியாது. முனிவரின் பெயரே அதனால் மாறிப்போயிற்று. ஊரின் பெயரும் மாறிற்று. புள்ளிக் கணக்கில் அடங்காத இத்தகைய விலைகள், ஆட்டத்தில் எண்களைவிட நெடுநாள் நினைவில் நிற்கின்றன.

இதே முனிவரின் கதையில் நேர்மாறான வரமும் ஒன்று உண்டு. அவருடைய குழந்தை உபமன்னியு பாலுக்காக அழுதபோது, இறைவன் பாற்கடலையே அளித்தார் என்பர். கேட்டது ஒரு கிண்ணம், கிடைத்தது கடல். அருளின் பெருமையைக் கூறும் கதைக்கு இது பொருந்தும். ஆட்ட நடத்துநர் ஒருவர் இதைப் பின்பற்றினால் அன்றோடு ஆட்டத்தில் பால் என்னும் பொருளுக்கு மதிப்பிராது.

திருவேட்களமும் பாசுபதமும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டித் திருவேட்களம் பாசுபதேசுவரர் கோயில் உள்ளது. திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் பெற்ற இத்தலம், காவிரி வடகரைத் தலங்களின் வரிசையில் சிதம்பரத்தை அடுத்து இரண்டாவதாக வைத்து எண்ணப்படுகின்றது. அர்ச்சுனன் தவமிருந்து பாசுபதம் என்னும் படைக்கலத்தைப் பெற்ற இடம் இதுவே என்பது தலவரலாறு. வியாச பாரதத்தில் இந்நிகழ்ச்சி இமயமலைச் சாரலில் நடப்பதாக உள்ளது.

கதை பலரும் அறிந்ததே. தவம் செய்யும் அர்ச்சுனன் மீது பன்றி உருக்கொண்ட அசுரன் பாய்கின்றான். அர்ச்சுனனும் வேடனாக வந்த சிவனும் ஒரே வேளையில் அம்பெய்கின்றனர். பன்றியை வீழ்த்தியது யார் அம்பு என்று வாக்குவாதம் எழுந்து, அது போராகின்றது. அர்ச்சுனன் தோற்கின்றான், தோற்ற பின்னரே வந்தவர் யார் எனத் தெரிந்து வணங்குகின்றான். அதன்பின் வரம் கிடைக்கின்றது.

வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டிய செய்திகள் இதில் இரண்டு. ஒன்று, தேர்வு கொடைக்கு முன்னரே நடைபெறுகின்றது. கொடுப்பவரே எதிரியாக வந்து பெறுபவரின் தகுதியை அளக்கின்றார். அத்தேர்வில் வெல்ல வேண்டும் என்பது நிபந்தனை அன்று. எப்படிப் போராடுகின்றான் என்பதே பார்க்கப்படுகின்றது. பகடையில் தோற்றாலும் வரம் கிடைக்கக்கூடிய தேர்வை அமைத்தால், கெட்ட வீச்சு ஒன்றினால் கதை தடைப்படாது.

மற்றொன்று, பயன்பாட்டின் மீதான தடை. பாசுபதத்தை மனத்தாலும் கண்ணாலும் சொல்லாலும் வில்லாலும் ஏவலாம் என்று கூறும் சிவன், வலிமை குறைந்தவர் மீது அதை ஏவக்கூடாது, ஏவினால் உலகமே அழியும் என்றும் எச்சரிக்கின்றார். அதாவது, ஏவுவது மிக எளிது, ஏவத் துணிவது மிகக் கடினம். நாளொன்றுக்கு ஒருமுறை என்பது போன்ற எண்ணிக்கைத் தடையை ஆடுவோர் கணக்கிட்டுச் செலவிடுவர். பின்விளைவால் வரும் தடையைப் பற்றி அவர்கள் மேசையில் விவாதிக்கின்றனர். பேச்சுக்கும் முடிவெடுத்தலுக்கும் இடங்கொடுப்பதே இவ்விளையாட்டின் சுவை என்பதால் இரண்டாம் வகைத் தடை பல வேளைகளில் மேலானது. ஆனால் அதில் ஓர் இடரும் உண்டு. பயன்படுத்தவே முடியாத வரம் தாளில் வெறும் எழுத்தாகக் கிடக்கும்.

கூத்தில் வரம்

பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுவது வழக்கம். இவ்விழாக்களைச் செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு ஆய்ந்த ஆல்ஃப் ஹில்ட்பைட்டல், அதன் முதல் தொகுதியை 1988இல் வெளியிட்டார். இவற்றில் அர்ச்சுனன் தபசு தனிச்சிறப்புடையது. உயரமான பனைமரம் ஒன்று தபசு மரமாக நடப்பட்டு, அதில் படிகள் பொருத்தப்படும். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே மேலேறுவார். உச்சியில் பூசை செய்து, எலுமிச்சை, பூ, திருநீறு போன்றவற்றைக் கீழே வீசுவார். குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள் அவற்றைப் பெறக் கீழே காத்திருப்பர்.

வரம் பெறப் போனவர் வரம் கொடுப்பவராகவும் ஆகிவிடுவது இங்குக் குறிப்பிடத்தக்கது. பாசுபதம் அர்ச்சுனனுக்கு மட்டும் உரியது, எலுமிச்சம்பழம் ஊராருக்கு. ஆற்றல் ஒருவரிடம் குவியும் கட்டத்தில், அதன் சிறுபங்கு ஏனையோருக்கும் போய்ச் சேர வழி செய்யப்பட்டுள்ளது. ஆட்டத்திலும் ஒரு பாத்திரத்துக்குப் பெருவரம் கிடைக்கும்போது, மற்றவர்களுக்கும் கையில் எடுத்துக்கொள்ள ஏதேனும் சிறிதாக விழுமாறு அமைப்பது நல்லது. மரத்தடியில் நிற்பவர்கள் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை.

ஓட்டைகள்

எழுதப்பட்ட விதி எதுவாயினும் அதில் ஓட்டை தேடுவோர் இருப்பர். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இரணியன். வால்மீகியில் இல்லாத இக்கதையைக் கம்பர் இரணியன் வதைப்படலமாக யுத்த காண்டத்தில் சேர்த்தார். மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும், நிலத்திலும் வானிலும் இறப்பு இல்லை என்று விலக்குகளை அடுக்கிக்கொண்டே போகும் வரம் அது. அந்திப்பொழுதில், வாசற்படியில், மடியில் வைத்து, நகத்தால் நரசிங்கம் அதை உடைக்கின்றது. விலக்குப் பட்டியலால் கட்டப்பட்ட வரம், பட்டியலில் இல்லாத ஒன்றால் உடையும். நிரலெழுதுவோர்க்கு இது நன்கு பழக்கமான பிழை.

மாத்திரியின் கதை இன்னும் நுட்பமானது. துருவாசர் குந்திக்கு அளித்த மந்திரத்தால் எத்தேவரையும் அழைத்து மகப்பேறு பெறலாம். பாண்டுவின் வேண்டுகோளுக்கு இணங்கிக் குந்தி அதை ஒரேயொரு முறை பயன்படுத்த மாத்திரிக்கு வழங்குகின்றாள். பெற்ற ஆற்றலைக் கைமாற்றிக் கொடுக்கும் அரிய நிகழ்ச்சி இது. மாத்திரியோ இரட்டையரான அசுவினி தேவர்களை அழைத்து, ஒரே முறையில் நகுலன், சகாதேவன் என இரு மக்களைப் பெற்றுவிடுகின்றாள். மறுபடி கேட்டபோது, தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று கூறிக் குந்தி மறுத்துவிட்டாள். விதியின் சொற்படி பார்த்தால் மாத்திரி ஏதும் தவறு செய்யவில்லை. "ஒருமுறை" என்பது அழைப்புக்கா, குழந்தைக்கா என்று யாரும் வரையறுக்கவில்லை. மேசையில் எழும் சச்சரவுகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2003ஆம் ஆண்டு விதித்தொகுப்பிலும் (3.5 பதிப்பு) இத்தகைய ஓட்டை ஒன்று பெயர்பெற்றது. நினைத்ததை நிகழ்த்தும் விருப்ப மந்திரத்தை மந்திரவாதி ஒருவர் 17ஆம் படிநிலையில்தான் கற்க முடியும். ஒவ்வொரு முறையும் 5000 அனுபவப் புள்ளிகளை இழக்கவும் வேண்டும். ஆனால் எஃப்ரீட்டி என்னும் நெருப்புப் பூதம் தன் இனத்தவரல்லாதார்க்கு மூன்று விருப்பங்களை நிறைவேற்றித் தரும். 11ஆம் படிநிலையிலேயே கிடைக்கும் பிணைப்பு மந்திரத்தால் அப்பூதத்தைக் கட்டி வரவழைத்தால், மூன்று விருப்பங்களும் அனுபவப் புள்ளி இழப்பின்றிக் கிடைத்துவிடுகின்றன. பூதம் தனக்குத்தானே வரமளிக்கக் கூடாது என்று எண்ணி அடைத்த வடிவமைப்பாளர்கள், பூதத்தை வேறொருவர் வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழியை அடைக்கவில்லை. மூன்றாமவர் வழியாக வரும்போது விலை கசிந்துபோவது வரமளிக்கும் விதிகளில் அடிக்கடி காணப்படும் குறையாகும்.

விலை குறித்தல்

அதே 3.5 பதிப்பில், பூசகர்களுக்குரிய நான்காம் நிலை மந்திரம் ஒன்று தம் மந்திரங்களைப் பிறருக்கு ஊட்ட வழிசெய்கின்றது. வரமளிக்கும் விதி எவ்வளவு கவனமாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாம். பெறுபவருக்குக் குறைந்தது 5 அறிவுத்திறனும் 9 மெய்யறிவும் இருக்க வேண்டும். இரண்டாம் படிநிலை வரை உள்ளவருக்கு முதல்நிலை மந்திரம் ஒன்று மட்டும். மூன்று, நான்காம் படிநிலையினருக்கு ஒன்று அல்லது இரண்டு. ஐந்தும் அதற்கு மேலும் உள்ளவருக்கு அவற்றோடு இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று. காத்தல், அறிதல், நலமாக்கல் ஆகிய வகைகளைச் சேர்ந்த மந்திரங்களை மட்டுமே கொடுக்கலாம். தாக்கும் மந்திரங்களைக் கொடுக்க இயலாது.

இவற்றைவிட முக்கியமானவை அடுத்த இரண்டு விதிகள். கொடுத்த மந்திரத்தைப் பெற்றவர் பயன்படுத்தி முடிக்கும்வரை, அல்லது அவர் இறக்கும்வரை, அல்லது கொடுத்தவரே திரும்பப் பெறும்வரை, பூசகரின் நான்காம் நிலை இடம் ஒன்று நிரப்ப முடியாமல் வெறுமையாக இருக்கும். மேலும், பெற்றவர் அதை எதற்குப் பயன்படுத்தினாலும், தம் தெய்வத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் பூசகரே. முதல் விதி கொடையைக் கடனாக மாற்றுகின்றது. இரண்டாவது, யாருக்குக் கொடுப்பது என்று கொடுப்பவரை ஒருமுறைக்கு இருமுறை எண்ண வைக்கின்றது.

திறன்களைப் புள்ளி கொடுத்து வாங்கும் விளையாட்டுகளில் அணுகுமுறை வேறு. 1981இல் வெளியான சாம்பியன்ஸ், 1986இல் வெளியான கர்ப்ஸ் ஆகியன இவ்வகையின. 2002இல் தொடங்கிய மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் (2011), ஒரு திறன் பிறருக்கு மட்டுமே பயன்படும், தனக்குப் பயன்படாது என்றால் விலை கூடுவதில்லை. தனக்கும் பிறருக்கும் பயன்படும் என்றால் படிக்கொரு புள்ளி கூடுகின்றது. தான் பறக்க முடியாமல் பிறரைப் பறக்கவைப்பவர் அடையும் இழப்பும் ஆதாயமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதாகக் கொள்ளப்படுகின்றது. கணக்கு எளிது, ஆயினும் யாரைப் பறக்கவைக்கின்றார் என்பது இக்கணக்கில் வருவதில்லை. ஒரே பறத்தல், வாள்வீரருக்குக் கிடைப்பதும் தொலைவிலிருந்து அம்பெய்பவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. பின்னவரை நிலத்தில் நிற்கும் எதிரிகளால் தொடவே முடியாது.

கொடுப்பவரின் நிலை

வரமளித்தல் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெறுபவரைச் சுற்றியே நடைபெறுகின்றது. கொடுக்கும் பாத்திரத்தை ஏற்றவர் மாலை முழுதும் என்ன செய்வார் என்பது மறக்கப்படுகின்றது.

இதற்குக் கிடைத்த நல்ல தீர்வுகளுள் ஒன்று, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் (2014) பாணர் வகுப்புக்கு உள்ள ஊக்கமூட்டல் ஆகும். பாணர் 60 அடிக்குள் தம் குரலைக் கேட்கக்கூடிய ஒருவருக்கு ஆறுமுகப் பகடை ஒன்றை அளிக்கின்றார். பெற்றவர் பத்து நிமிடங்களுக்குள் தம் வீச்சு ஒன்றோடு அதையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். பாணர் தமக்குத்தாமே அதைக் கொடுத்துக்கொள்ள முடியாது. படிநிலை உயர உயரப் பகடை எட்டு, பத்து, பன்னிரண்டு முகங்களாக வளரும். பல மேசைகளில் பாணரை ஆடுபவர் உண்மையாகவே ஒரு பகடையை எடுத்து நண்பரின் முன் வைக்கின்றார். கொடுத்தவர் யார் என்பது பகடை உருளும் வரை கண்முன் இருக்கின்றது. கொடுப்பதற்குச் சிறுவினை ஒன்றே செலவாவதால், அதே முறையில் பாணர் வேறொன்றையும் செய்யலாம். பாணன் பாடப் பிறர் பொருது வெல்லும் காட்சி சங்கப் பாடல்களைப் படித்தவர்க்குப் புதிதன்று.

2008இல் வெளிவந்த நான்காம் பதிப்பின் போர்த்தலைவர் வகுப்பு வேறொரு வழியைக் கையாண்டது. தாம் அடிக்க வேண்டிய முறையைத் தோழருக்குக் கொடுத்து, "நீ அடி" என்று ஏவும் பாத்திரம் அது. சிலருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பிறரை ஏவுவதில் விருப்பமில்லாதவர்க்கு இது வெறும் விட்டுக்கொடுத்தலாகவே பட்டது. ஆகவே வரமளிக்கும் பாத்திரத்தை யாருக்கும் கட்டாயமாகக் கொடுக்கக் கூடாது.

ஆற்றல் ஏற்றத்தாழ்வை நீக்காமலே சமாளிக்கும் வழிகளும் உண்டு. 1987இல் வெளியான ஆர்ஸ் மேஜிக்கா விளையாட்டில் மந்திரவாதிகள் மற்றெல்லோரையும்விட மிக வலியவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் மந்திரவாதி ஒன்றும் எளிய துணைப்பாத்திரம் ஒன்றுமாக இருப்பதால், இன்று மந்திரவாதியாக ஆடியவர் நாளை காவலாளாக ஆடுவார். 2002இல் வெளியான பஃபி த வேம்பயர் ஸ்லேயர் விளையாட்டில் வீரர்கள் 10 நாடகப் புள்ளிகளோடும் சாதாரணத் தோழர்கள் 20 புள்ளிகளோடும் தொடங்குகின்றனர். வலிமை குறைந்தவரிடம் கதையைத் திருப்பும் வாய்ப்பு மிகுதியாக இருக்கும்.

மாதிரி வடிவமைப்பு: புலிக்கால்

மேற்கூறியவற்றைக் கொண்டு வியாக்கிரபாதரின் வரத்தை 3.5 பதிப்புக்கான திறனாக எழுதிப் பார்க்கலாம். அடிப்படைக் கணக்கு எளிது. சிலந்தியைப் போல் ஏறும் மந்திரமும் இருட்பார்வை மந்திரமும் இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. ஐந்தாம் படிநிலையினர் ஒருவர் இவற்றை இட்டால் முன்னது 50 நிமிடமும் பின்னது 5 மணிநேரமும் நீடிக்கும். ஏறும் வேகம் 20 அடி. பார்வைத் தொலைவு 60 அடி. எனவே புலிக்கால் என்பது இரண்டு இரண்டாம் நிலை மந்திரங்களுக்கு ஈடானது.

நேரத்தைப் படிநிலையால் அளக்காமல் நள்ளிரவு முதல் கதிரவன் தோன்றும் வரை என வைப்பது பொருத்தம். நடத்துநர் பொழுது விடிவதை அறிவிக்கும்போது ஆடுபவர் மரத்தின் உச்சியில் இருக்கக்கூடும் என்பதே இதன் சுவை. பெறுபவர் ஒருவேளையில் ஒருவர் மட்டும். தாம் ஏறப்போவது எதற்காக என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லியே பெற வேண்டும். சொன்ன வேலை முடிந்தவுடன் வரம் நீங்கும். "ஒருமுறை" போன்ற சொற்களைத் தவிர்த்து, வேலையின் முடிவைக் குறிப்பது மாத்திரியின் வழியை அடைக்கும். பெற்றவர் அதை மூன்றாமவருக்குக் கைமாற்ற முடியாது.

கால்கள் வெளிப்படையாகப் புலிக்கால்களாக மாறும். செருப்பு அணிய இயலாது. ஈரமண்ணில் புலித்தடம் பதியும். கண்ட ஊரார் அஞ்சுவர் அல்லது வேட்டைக்குக் கிளம்புவர். இவ்விலைக்குப் புள்ளி குறிக்கத் தேவையில்லை. நடத்துநர் அதை நினைவில் வைத்திருந்தால் போதும்.

கொடுப்பவர் வரம் நீங்கும்வரை தம் இரண்டாம் நிலை மந்திர இடங்கள் இரண்டைப் பயன்படுத்த முடியாது. மாற்றாக, நகக்கண்களில் தெரிவதை அவரும் காண்பார். மரமேறுபவர் பகடையை உருட்டும்போது, இருளில் கண்ணுக்குப் படுவது என்ன என்று நடத்துநர் கொடுத்தவரிடமே விவரிக்க, அவர் அதை ஏறுபவருக்கு எடுத்துச் சொல்கின்றார். இதனால் ஒரே மரத்தில் இருவருக்கும் வேலை கிடைக்கின்றது.

எழுதிய விதியை மேசைக்குக் கொண்டுவருமுன் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம்: குழுவிலேயே வலியவரிடம், மிக மெலிந்தவரிடம், எதிரியிடம். புலிக்கால் முதலிருவரிடமும் தாங்குகின்றது. எதிரியின் கையில் அது கோட்டை மதிலில் ஏறும் திருடனாக மாறுகின்றது. விடியல் வரை மட்டுமே என்பதால் அவனை மதிலின் மேல் காத்திருந்து பிடிக்க வழியுண்டு. கொடுப்பவர் இடையில் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கோயிற்புராண முனிவருக்கு அக்கவலை இருக்கவில்லை. மேசையில் அது இரண்டாம் வாரத்திலேயே நேரக்கூடும். வரம் விடியும்வரை நீடிக்கும், ஆனால் நகக்கண்கள் மட்டும் மூடிக்கொள்ளும் என வைக்கலாம். அதன்பின் ஏறுபவர் இருளில் தனியே இறங்க வேண்டியிருக்கும்.